சாரலில் மூன்று தலைமுறை: குடும்பத்தோடு குற்றாலம் போய்வர முழு வழிகாட்டி

குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பலர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, தென்காசிக் கோவில், படகுக் குழாம், எல்லை தாண்டிப் பாலருவி, இரவுக்கு பார்டர் பரோட்டா. அத்தனையும் ஒன்றரை நாளில். இரண்டாம் நாள் மதியம் பார்த்தால் பிள்ளைகள் வேனில் சுருண்டு கிடப்பார்கள், தாத்தாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கும், அம்மா ஈரத்துணி மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

அந்தப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். குற்றாலம் குளிக்கப் போகிற ஊர். குளித்தால் பசிக்கும், சாப்பிட்டால் கண்ணைச் சொக்கும், தூங்கி எழுந்தால் மறுபடி குளிக்கத் தோன்றும். இந்தச் சுற்றுக்கு நாளைக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் நேரத்தில் மற்றவற்றைச் செருகுவதுதான் சரியான திட்டம். எந்த அருவிக்கு எப்போது போவது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். கீழே சொல்வது தாத்தா, பாட்டி, சிறு பிள்ளைகள் என்று கலந்த ஒரு குடும்பத்துக்கு, இரண்டு இரவு தங்கும் கணக்கில்.

படி 1: மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொண்டுவந்து கொட்டும் மழையில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துவிடும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்திருக்கிறது. மழையின் மிச்சமும் குளிர்காற்றும் அந்த இடைவெளி வழியாக இந்தப் பக்கம் நழுவி வருகின்றன. அதுதான் சாரல். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறும். குடையை விரித்தால் காற்று மடக்கிவிடும். மலைமேல் பெய்யும் மழை சிற்றாற்றின் வழியாக அருவிகளில் இறங்கும். கேரளத்தில் மழை பிடித்தால் சில நாட்களில் இங்கே சீசன் களைகட்டிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதன் காலம்.

ஐப்பசி, கார்த்திகையிலும் தண்ணீர் விழும். அது வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர். சாரல் காற்று இருக்காது, வெள்ளப்பெருக்கில் குளிக்கத் தடை போடும் நாட்கள் அதிகம், கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகும் பக்தர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கோடையில் பல வாரங்கள் வெறும் பாறையைத்தான் பார்க்க முடியும்.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். சீசனில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறை வாடகை எகிறும், வண்டிகள் இலஞ்சி வரை வரிசை கட்டும், அருவிக்கரையில் தலைக்கு மேல் தலையாக நிற்பார்கள். செவ்வாய் போய் வியாழன் திரும்புவது உத்தமம். பள்ளிக்கு மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே கிடையாது. அந்த மூன்று நாள் பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், ஆகஸ்ட் போனால் தண்ணீர் போய்விடும். ஆடி அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களின் கூட்டத்தில் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்கச் செய்தித்தாளின் நெல்லைப் பதிப்பைப் பாருங்கள். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது, எங்கே தடை என்பது சீசனில் அன்றாடச் செய்தி.

படி 2: பயணமும் கட்டுச்சோறும்

சென்னையிலிருந்து போகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ்தான் கைகொடுக்கும். எழும்பூரில் இரவு ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர், பஸ்ஸும் ஆட்டோவும் தாராளம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. சீசன் டிக்கெட் திறந்த வேகத்தில் தீரும் என்பதால் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். முதியவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கிடைப்பதும் சீக்கிரம் பதிவு செய்வதில்தான் இருக்கிறது.

திருநெல்வேலி வரை வேறு ரயிலில் வந்துவிட்டால், அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் போவதைச் சிபாரிசு செய்வேன். பஸ்ஸைவிட நேரம் பிடிக்கும். ஆனால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கடையம் என்று வயலும் வாய்க்காலுமாக, மலை கூடவே வரும் வழி அது. கல்லிடைக்குறிச்சி அப்பளம் திரும்பும்போது வாங்க வேண்டிய பட்டியலில் சேரட்டும்.

மதுரையிலிருந்து காரில் வருகிறவர்களுக்குத் திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று நேர் சாலை, சுமார் 160 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆண்டாள் கோவிலின் பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பால்கோவா வாங்குங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. புதிதாகக் கிண்டியதில் மணல் மணலாக ஒரு பதம் இருக்கும், சர்க்கரை தூக்கலாக இருக்காது. கொஞ்சமாக வாங்கி அன்றே தீர்த்துவிடுங்கள். மூன்று நாள் சாரல் ஈரத்தில் வைத்திருக்கும் பண்டம் அல்ல.

ரயிலுக்கு இட்லியைப்போல் ஒத்துவருவது வேறில்லை. வெந்த இட்லியை நன்றாக ஆறவிட்டு, இருபுறமும் மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி, வாட்டிய வாழையிலையில் மடித்துவிடுங்கள். சூட்டோடு மடித்தால் வேர்த்து நொசநொசத்துப் போகும். தயிர்சோற்றைப் பால் விட்டுப் பிசைந்து, உறைக்கு ஒரு கரண்டி மட்டும் தயிர் சேர்த்தால் மறுநாள் காலை வரை புளிக்காது. ஆளுக்கு ஒரு பொட்டலம் தனித்தனியாகக் கட்டிவிட்டால் ஓடும் ரயிலில் பரிமாறும் வேலை இல்லை.

படி 3: லாட்ஜா, வாடகை வீடா

நான்கு பேர் வரை லாட்ஜ் போதும். மெயின் அருவிக்கு நடந்துபோகும் தூரத்தில், தரைத் தளத்தில் கேளுங்கள். ஈரத்துணியோடு மூன்று மாடி ஏறியிறங்குவது பாட்டிக்குத் தண்டனை. அருவிக்கரையில் கிடைக்காவிட்டால் இலஞ்சி, தென்காசிப் பக்கம் பார்க்கலாம். அமைதியாகவும் இருக்கும், வாடகையும் இறங்கும். வெந்நீர் உண்டா, துணி காயப்போட மாடியோ தாழ்வாரமோ உண்டா என்ற இரண்டு கேள்விகளை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆறு பேருக்கு மேல் என்றால் சமையலறையோடு வாடகை வீடு எடுப்பதே என் கட்சி. நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் காலங்காலமாகப் பாத்திரம் பண்டத்தோடு வந்து, வீடு பிடித்து, சமைத்துச் சாப்பிட்டுத்தான் சீசன் கழித்திருக்கின்றன. அடுப்பு, சிலிண்டர், பெரிய பாத்திரம் மூன்றும் வீட்டில் இருக்கின்றனவா என்று போனிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அரிசி, பருப்பு, பொடி வகை வீட்டிலிருந்து, காய்கறி தென்காசியில்.

படி 4: மூட்டை கட்டுதல்

சாரலில் துணி காயாது. இந்த ஒரு வரியை வைத்துத்தான் மூட்டை கட்ட வேண்டும். ஆளுக்குக் குளிக்க மட்டும் இரண்டு செட் தனியாக எடுங்கள்; ஒன்று சொட்டச்சொட்டத் தொங்கும்போது மற்றது உடம்பில். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், மூன்று நாளானாலும் காயாது. தடித்த டர்க்கித் துண்டைவிட மெல்லிய பருத்தித் துண்டு மேல். பத்தடி நைலான் கயிறு, நாலைந்து கிளிப், ஈரத்துணிக்குப் பெரிய பிளாஸ்டிக் பைகள் இரண்டு. கால் பிடிக்கும் ரப்பர் செருப்பு. முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் காது மூடும் மப்ளர் அல்லது குல்லா; காய்ச்சலைவிட அதிகமாகப் படுத்துவது குளிர்காற்று காதில் ஏறி வரும் தலைவலிதான்.

தங்கச் சங்கிலி, மோதிரம், கொலுசு எல்லாம் வீட்டோடு நிற்கட்டும். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் மஞ்சள் கயிறுக்கு மாறிக்கொண்டு வருவதும் உண்டு, நல்ல வழக்கம். மருந்து டப்பாவில் வழக்கமான மாத்திரைகளோடு சுக்குப்பொடியும் இருக்கட்டும்.

படி 5: எந்த அருவி யாருக்கு

போய் இறங்கியதும் நேராகக் குளிக்க ஓடாமல், ஒரு ஆட்டோக்கார அண்ணாச்சியிடமோ டீக்கடையிலோ எந்த அருவியில் இன்று தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். காலையில் கேட்டது மாலைக்குச் செல்லாது, மறுபடி கேட்க வேண்டும்.

மெயின் அருவி என்று எல்லோரும் சொல்லும் பேரருவி ஊருக்கு நடுவிலேயே விழுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் தண்ணீருக்கு அடியில் மனிதர் நிற்க முடிவதற்குக் காரணம், பாதி வழியில் பாறைக்குள் இருக்கும் பொங்குமாகடல் என்னும் ஆழமான குழி. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்துதான் கீழே இறங்குகிறது. முன்னால் கம்பித் தடுப்பும் மேலே வளைவும் உண்டு. வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்க விடமாட்டார்கள். நடுத்தர அளவில் விழும்போது நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்கள் ஓரமாக நிற்கலாம். நடுவில் விழும் அடி இளவட்டங்களுக்கு.

ஐந்தருவி நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதால் ஒவ்வொன்றிலும் வேகம் ஒரு மாதிரி இருக்கும்; அவரவர் தாங்கும் கிளையைத் தேர்ந்துகொள்ளலாம். குடும்பத்துக்கு என்னுடைய முதல் தேர்வு இதுதான். போகும் வழியில் வெண்ணமடைக் குளத்தில் படகுக் குழாமும், அருவிக்கு மேலே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவும் இருப்பதால், குளிக்க அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கும் போக்கிடம் உண்டு.

பழைய குற்றாலம் ஆயிரப்பேரிப் பக்கம். அழகில் இதை மிஞ்ச முடியாது, ஆனால் படியேறிப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடலாம். இங்கே குளிக்க விடும் நேரத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள்; பகலில் போய்விட்டால் பிரச்சினை இல்லை.

சிற்றருவியும் புலியருவியும் பெயருக்கேற்ற பிரபலம் இல்லாதவை. அதனாலேயே மூன்று வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் பொருத்தமானவை. தண்ணீர் மெல்ல விழும், கூட்டம் மிரட்டாது. குழந்தையின் முதல் குளியல் இங்கே நடக்கட்டும். மலைமேலிருக்கும் செண்பகாதேவி, தேனருவி பக்கம் குடும்பத்தோடு எட்டிப்பார்க்கும் யோசனையே வேண்டாம்.

படி 6: அருவியில் நிற்கும் முறை

பெரிய அருவிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. இதனால் வந்த இடத்தில் குடும்பம் இரண்டாகப் பிரியும். எந்தப் பிள்ளை யாரோடு போகிறது, யார் கரையில் பொருட்களுக்குக் காவல், குளித்து முடித்ததும் எந்தக் கடை வாசலில் கூடுவது என்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். தண்ணீர் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது, போனும் கையில் இருக்காது.

காவல் இருப்பவர் ஒருவரே கடைசி வரை இருக்கக் கூடாது. அநேக வீடுகளில் அந்த வேலை அம்மாவின் தலையில் விழுந்து, அவர் ஈரமில்லாத சேலையோடு ஊர் திரும்புவார். முதலில் குளித்துவிட்டு வந்தவர் அடுத்த காவல் என்று முறை வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தண்ணீருக்குள் போகும் முன் மூக்குக் கண்ணாடி, பல்செட், காதுகேள் கருவி மூன்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். பல்செட் விஷயத்தில் சிரிக்க வேண்டாம். முதல் அடி தலையில் விழுந்ததும் யாருக்கும் வாய் தானாகத் திறந்து ஒரு சத்தம் வரும், அந்த நொடியில் பல்செட் சிற்றாற்றோடு போய்விடும்.

நேரே போய்த் தலையைக் கொடுக்காதீர்கள். முதலில் ஓரத்தில் சிதறும் துளியில் நின்று உடம்பு குளிருக்குப் பழகட்டும். பிறகு அருவிக்கு முதுகைக் காட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளில் வாங்குங்கள். தோள், முதுகு, இடுப்பு, கடைசியில் தலை. கழுத்தில் நேரடியாக விழும்படி நிற்கக் கூடாது. குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பாறை வழுக்கினால் இருவரும் விழுவார்கள். குழந்தையை உங்களுக்கு முன்னால் நிறுத்தி, உங்கள் முதுகில் விழுந்து வழியும் தண்ணீரை அதன் மேல் படவிடுங்கள். கால் மணி நேரம் போதும். உதடு நீலம் பாய்வதற்கு முன் வெளியே கொண்டுவந்து, துடைத்து, உலர்ந்த துணி போட்டுவிட வேண்டும்.

இதய நோய், வலிப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை என்று இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அருவிக்கு அடியில் நிற்க வேண்டாம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதையும் அருவியில் பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த தடை இருக்கிறது. எண்ணெய்க் குளியல்தான் குற்றாலம் என்று வளர்ந்தவர்களுக்கு வருத்தம்தான், ஆனால் பாறையில் எண்ணெய் வழுக்கி மண்டை உடைந்த கதைகளைக் கேட்டால் வருத்தம் தீர்ந்துவிடும். மசாஜ் செய்துகொண்டே ஆக வேண்டும் என்றால் அறையில் வெந்நீர் ஊற்றிக் குளித்துவிட்டு அருவிக்குப் போகலாம்.

கரையில் இன்னொரு சாராரும் காத்திருக்கிறார்கள். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை என்றால் உள்ளே தின்பண்டம் என்று குரங்குகளுக்குத் தெரியும். ஜிப் வைத்த பையையும் திறப்பார்கள். குழந்தை கையில் வாழைப்பழத்தைக் கொடுத்து நடக்கவிடாதீர்கள்.

படி 7: விசில் சத்தம் கேட்டால்

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி, 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவிக்கரையில் நாம் பார்க்கும் வானத்துக்கும் மலைமேல் பெய்யும் மழைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக மாறுவது, இலை தழை சுள்ளி கூடுதலாக வருவது, இரைச்சலின் சுருதி மாறுவது, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். துணியை எடுக்கத் திரும்பக் கூடாது. காவலர் விசில் ஊதினால் அவரோடு வாதம் செய்கிற மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் கையைப் பிடித்து இழுத்து வருவது உங்கள் பொறுப்பு.

படி 8: பசி

அருவியில் குளித்தவனுக்கு வரும் பசி தனி ரகம். அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குவார்கள். கரையிலேயே சூடாக மிளகாய் பஜ்ஜியோ அவித்த கடலையோ ஒரு கை, பெரியவர்களுக்குச் சுக்குக் காப்பி. இது பசியைத் தள்ளிப்போடத்தான், வயிற்றை நிரப்ப அல்ல.

மதியத்துக்கு வாடகை வீட்டில் கூட்டாஞ்சோறு வையுங்கள். ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், எட்டுப் பேர் சாப்பாடு. அரைக் கிலோ அரிசிக்கு 150 கிராம் துவரம்பருப்பு. பருப்பை முதலில் அரைவேக்காடாக வேகவைத்து, முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய்த் துண்டுகளோடு அரிசியைப் போட்டு, அரிசி பருப்பு இரண்டையும் சேர்த்த அளவுக்கு நான்கு மடங்கு தண்ணீர் விடுங்கள். தேங்காய், காய்ந்த மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள் சேர்த்துக் கரகரப்பாக அரைத்த விழுது பாதி வேகும்போது போக வேண்டும். புளிக்கரைசலை அரிசியும் காயும் வெந்த பிறகுதான் விட வேண்டும். முந்தினால் காய் வேகாமல் விறைத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு பிடி முருங்கைக்கீரை. சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளத்தோடு பரிமாறினால், ஜன்னலுக்கு வெளியே சாரல் அடிக்கும்போது யாரும் ஹோட்டல் பேச்சை எடுக்க மாட்டார்கள். கெட்டியாக இறக்காதீர்கள். குழைந்து, கரண்டியில் எடுத்தால் மெல்ல விழும் பதத்தில் இருக்க வேண்டும்.

தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் குழம்பான சொதி சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் திருநெல்வேலி வழியில் சைவ ஹோட்டல்களில் விசாரியுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்துச் சாப்பாடு அது. தேங்காய்ப்பால் கனமானது என்பதால் இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதியைப் பரிமாற மாட்டார்கள் எங்கள் பக்கத்து ஆச்சிமார்.

ஒரு இரவு பார்டர் பரோட்டாவுக்கு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பிரானூரில் இருக்கிறது இந்த பார்டர். கேரள எல்லை என்று நினைத்து வருகிறவர்கள் சுற்றுமுற்றும் எல்லையைத் தேடுவார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அந்தக் காலத்து எல்லை இது. இப்போதைய எல்லை புளியரை தாண்டி, மலைமேல். இங்கே பரோட்டா உள்ளங்கை அளவில் சின்னதாக, மெத்தென்று இருக்கும். வாழையிலையில் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி ஊறவிட்டு, பிச்சுப்போட்ட கோழியோ காடையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சால்னா காரமாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஆம்லெட் சொல்லிவிடுங்கள். ஏழு மணிக்கு முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். கவிச்சி வாசனை ஆகாத பாட்டி வீட்டில் இருந்தால் அவரை வண்டியில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போவது அழகல்ல. அவருக்குத் தென்காசியில் ஒரு நல்ல சைவக் கடையில் இட்லி, தோசையை முதலில் முடித்து, அறையில் விட்டுவிட்டுப் போங்கள்.

பழங்களுக்கு மதியப் பொழுது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே இந்த மலையில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டுப் பார்த்தார்கள். அந்தத் தோட்டப் பயிர் வழக்கம் இன்னும் தொடர்கிறது. சீசனில் சாலையோரமெங்கும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கும். மங்குஸ்தானை வாங்கும் முன் விரலால் அழுத்துங்கள். லேசாக அமுங்கினால் நல்ல பழம், கல்லாக இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். பழத்தின் அடியில் பூ மாதிரி சிறு இதழ்கள் தெரியும்; அவை எத்தனையோ, உள்ளே அத்தனை சுளை. பிள்ளைகளிடம் எண்ணிச் சொல்லச் சொல்லிவிட்டு உடைத்துக் காட்டுங்கள், ஒரு கிலோ போவது தெரியாது. தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது.

படி 9: குளிக்காத நேரம்

மெயின் அருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோவில். சங்கு வடிவில் அமைந்த கோவில் என்று சொல்வார்கள். அதிகாலைக் குளியலை முடித்து ஈரம் உலர்த்தி நேரே போய்விடலாம். சற்றுத் தள்ளித் தனியாக இருக்கும் சித்திர சபையைத் தவறவிடாதீர்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று இது; மற்ற இடங்களில் சிலையாக நிற்கிறவர் இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நெல்லையப்பர் கோவிலில் தாமிர சபையையும் பார்த்தால் ஐந்தில் இரண்டு ஆயிற்று. நடை மதியம் சாத்திவிடும், மாலையில்தான் திறக்கும்.

தென்காசிக் காசிவிசுவநாதர் கோவிலுக்கு மாலையில் போங்கள். கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும், பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோவில். பின்னாளில் இந்தக் கோவிலைக் காப்பவர்களின் காலில் விழுகிறேன் என்று அரசனே கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறான். பழைய கோபுரம் சிதைந்து, இப்போதுள்ளதை எழுப்பி 1990-ல் குடமுழுக்கு நடத்தினார்கள்.

மழை வலுத்துக் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். அறையில் முகம் தொங்க உட்கார வேண்டாம். செங்கோட்டையில் புனலூர் ரயில் ஏறுங்கள். 1904-ல் போட்ட மீட்டர் பாதை, அகலப்படுத்தி 2018-ல் மறுபடி திறந்தார்கள். குகைகளும் பாலங்களும் காடுமாக மலையைக் கடக்கும் பாதை; கழுதுருட்டி அருகே சாலையோரம் பழைய பதின்மூன்று கண் பாலம் நிற்கும். போகவர ரயில் நேரங்களை முன்னதாகப் பார்த்துக்கொண்டு, திரும்பும் வண்டியைத் தவறவிடாமல் இருந்தால் போதும். டிக்கெட் செலவு ஒரு வேளை டிபனுக்கும் குறைவு.

ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரப்பை விட்டு இறங்காதீர்கள். அது ஒருவருடைய விளைச்சல். சாரல் திருவிழா நடக்கும் நாளாக அமைந்தால் கலைவாணர் அரங்கத்தில் மாலை நிகழ்ச்சிகள் இருக்கும், தாத்தாக்களுக்குப் பிடிக்கும்.

படி 10: திரும்பும் நாள்

கடைசி நாள் காலையில் குளிக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் வாக்குவாதம் வரும். ஐந்து மணிக்கே போய், ஆறரைக்குள் முடித்துவிடுவதானால் குளிக்கலாம். அதற்குப் பிறகு நனைந்த துணி ஊர் வரை நாறும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்து, செய்தித்தாளில் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் வையுங்கள். வாயை இறுக்கிக் கட்டாதீர்கள்.

திருநெல்வேலி வழியாகத் திரும்பினால் அல்வா வாங்காமல் வர முடியாது. நெல்லையப்பர் கோவில் எதிரே இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், வரிசையும் நிற்கும். அதற்கேற்ப ரயில் நேரம் அமையவில்லை என்றால் வருந்த வேண்டாம், நகரத்தில் வேறு நல்ல கடைகள் இருக்கின்றன. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் கிண்டிய அல்வா, சூடாக இலையில் வைத்தால் விரலில் ஒட்டாமல் வழுக்கிப்போக வேண்டும். ஆறினால் நெய் மேலே உறைந்து நிற்கும். கடையிலேயே நின்று ஆளுக்கு ஐம்பது கிராம் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டி வேண்டாம், சில நாட்கள் வெளியிலேயே கெடாது. சாப்பிடும் முன் பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றினால் போதும். அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் கால் கிலோப் பொட்டலங்களாகவே வாங்கிவிடுங்கள். ஒரு கிலோவாக வாங்கினால் வீட்டில் பிரித்துக் கொடுக்கும் முன்பே அது பாதியாகிவிடும்.